கரியும் களிம்பும்

ஞாயிற்றுக்கிழமை சித்தாந்த வகுப்பில் போன மாதம் செம்பும் களிம்பும் வந்தன. சிவஞான போதத்துக்குப் பாடம் சொல்கிற எவரும் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பார்கள். நெல்லோடு உமி பிறந்தது, செம்போடு களிம்பு பிறந்தது, அப்படியே உயிரோடு ஆணவ மலம் பிறந்தது. அது எப்போது வந்து ஒட்டியது என்று கேட்கக் கூடாது. உயிர் என்றைக்கு உண்டோ அன்றைக்கே அதுவும் உண்டு. புளி போட்டு எத்தனை துலக்கினாலும் செம்பில் மறுபடி களிம்பு ஏறும், குளிகை பட்டால்தான் விடும் என்றார் ஆசிரியர் ஐயா. எண்பதைத் தொடப்போகிற வயது. கையில் புத்தகம் இருக்கும், ஆனால் பார்க்கமாட்டார்.

நான் 1991-ல் கோவை கணபதியில் ஒரு பவுண்டரியில் லேப் உதவியாளாகச் சேர்ந்தவன். அன்றிலிருந்து உருகிய இரும்புக்குப் பக்கத்திலேயே காலம் ஓடிவிட்டது. உலோகத்தோடு பழகியவனுக்கு அந்த உவமை கொஞ்சம் நெருடும். களிம்பு செம்புக்குள் பிறந்ததல்ல. காற்றும் ஈரமும் புளிப்பும் வெளியிலிருந்து வந்து மேலே படிகிற பூச்சு. ஆணவமோ உள்ளேயே இருந்து உயிரை மறைப்பது என்றுதான் சித்தாந்தம் சொல்கிறது. அந்த நூலைத் தந்த மெய்கண்டார் காலத்தவர்கள் கண்ணுக்குச் செம்பும் களிம்பும் அப்படித் தெரிந்தன, அவர்கள் சொல்லவந்ததைச் சொல்லிவிட்டார்கள், அதில் குறை காண எனக்குத் தகுதியில்லை. ஆனால் அதைவிட நெருக்கமான உவமை ஒன்று என் கையில் தினமும் புழங்குகிறது. வார்ப்பிரும்புக்குள் இருக்கும் கரி.

இரும்புத்தாது ஊதுலையில் கல்கரியோடு சேர்ந்து உருகும்போதே கரி அதில் கரைந்துவிடுகிறது. பிக் அயர்ன் என்று கட்டியாக எங்களிடம் வந்து இறங்கும்போது கரியோடுதான் வருகிறது. எங்கள் ஃபர்னஸில் பழைய இரும்புச் சில்லறை போட்டு உருக்கினாலும் கரியை நாங்களே கூட்டிச் சேர்க்கிறோம், இல்லாவிட்டால் அது வார்ப்பிரும்பே ஆகாது. எடையில் 3 முதல் 4 சதவீதம்தான். கரிக்குக் கனம் குறைவு என்பதால் பருமனில் பார்த்தால் பத்தில் ஒரு பங்கைத் தாண்டும். அத்தனை கரியும் குளிரும்போது எங்கே, எந்த உருவத்தில் உட்காருகிறது என்பதில்தான் எங்கள் பிழைப்பு முழுக்க இருக்கிறது.

ஏடு ஏடாகப் படிந்தால் கிரே அயர்ன். உருண்டை உருண்டையாகத் திரண்டால் எஸ்ஜி. கரியாகப் பிரியாமல் இரும்போடு கூடிக் கார்பைடாக இறுகிவிட்டால் வெள்ளை இரும்பு. ஏடாகவும் இல்லாமல் உருண்டையாகவும் இல்லாமல் புழு மாதிரி நெளிந்து நின்றால் வெர்மிகுலர். கரியின் அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம். குணமோ மலைக்கும் மடுவுக்கும்.

மைக்ராஸ்கோப்பில் முதல்முறை பார்த்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு சின்னத் துண்டை அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து, துணிச் சக்கரத்தில் கண்ணாடி போல மெருகேற்றி, 100 மடங்கில் வைத்தார் எனக்கு மூத்த கெமிஸ்ட். வெள்ளைத் தரையில் சவுக்கு மரத்தடியில் உதிர்ந்து கிடக்குமே, அந்த மாதிரி கறுப்புக் கீற்றுகள். "இது கிரே. ஒவ்வொரு கீத்தும் ஒரு விரிசல்னு நெனைச்சுக்க தம்பி. இழுத்தா இங்கிருந்துதான் கிழியும்" என்றார். அடுத்த துண்டை வைத்தார். அதே வெள்ளைத் தரை, அதில் மிளகை இறைத்துவிட்ட மாதிரி வட்ட வட்டமாகப் புள்ளிகள். "இது எஸ்ஜி. கரி அதேதான். கூர்முனை இல்லை பாரு, அதனால கிழிக்காது." கிரே அயர்னை இழுத்தால் ஒரு சதவீதம்கூட நீளாமல் பட்டென்று முறியும். எஸ்ஜி 400/15 என்று எழுதினால் அந்தப் பதினைந்து அது நீளுகிற சதவீதம்.

அன்றைக்கே ஒரு கேள்வி மனசில் விழுந்துவிட்டது. அப்போது எனக்குச் சித்தாந்தம் தெரியாது. குறையைப் போக்குவதுதான் விடுதலையா? குறை இருந்தபடியே இருக்க, அதன் கூர் மட்டும் மழுங்கினால் அது விடுதலை ஆகாதா? பல வருஷம் கழித்து என்னை அந்த வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைத்தது இந்தக் கேள்விதான்.

இரும்பின் சரித்திரத்திலேயே இந்த இரண்டு வழியும் இருக்கின்றன. 1722-ல் பிரான்சில் ரியோமர் என்ற அறிஞர் வார்ப்பிரும்பை மெதுவாக்கும் கலையைப் பற்றிப் புத்தகம் எழுதினார். வெள்ளை இரும்பு வார்ப்புகளை இரும்புத்தாதுப் பொடியில் புதைத்து நாள்கணக்கில் சூட்டில் வைப்பது அந்த முறை. உள்ளிருக்கும் கரி மெல்ல மெல்ல எரிந்து வெளியேறும். மலத்தைச் சுட்டுப் போக்குகிற வழி அது. நூறு வருஷம் கழித்து, 1826-ல் அமெரிக்காவில் நியூவார்க் நகரத்தில் சேத் பாய்டன் அதே ஐரோப்பிய முறையைச் செய்து பார்க்க முயன்றபோது வேறொன்று கிடைத்தது. கரி வெளியேறவில்லை. உள்ளேயே சின்னச் சின்னப் பஞ்சுத் திரள்களாகக் கூடி நின்றுவிட்டது. உடைத்தால் உள்ளம் கறுப்பு, ஆனால் வளைகிறது. தண்ணீர்க் குழாய் எல்போவை வாங்கிப் பாருங்கள், அந்த மேலியபிள் இரும்பின் வழித்தோன்றல் உங்கள் வீட்டிலும் இருக்கும். ஒரே தவம், ஒன்றில் குற்றம் போயிற்று, இன்னொன்றில் குற்றம் அடங்கிற்று. இரண்டும் உடையாத இரும்பு.

எஸ்ஜி வந்த கதை இன்னும் விசேஷம். 1943, போர்க்காலம், குரோமியம் தட்டுப்பாடு. அமெரிக்காவில் இன்கோ கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் கீத் மில்லிஸ் என்ற இளைஞர், தேயாத கடின வார்ப்பிரும்புக்குக் குரோமியத்துக்குப் பதிலாக வேறென்ன சேர்க்கலாம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். அதில் ஒன்று மக்னீசியம். தேடியது கடினத்தை, கிடைத்தது குழைவு. கரி உருண்டையாகத் திரண்டிருந்தது. இங்கிலாந்தில் மோரோ என்பவர் சீரியம் போட்டு 1948-ல் அதே உருண்டையைக் காட்டினார். 1949 அக்டோபரில் மக்னீசிய முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. மேலியபிளுக்கு நாள்கணக்கில் சூளை வேண்டும். மக்னீசியத்துக்கு ஒரு நிமிஷம் போதும். லேடிலில் விழுந்ததும் கண்ணைப் பறிக்கிற வெள்ளை வெளிச்சம் கூரைவரை எழும், உருகிய இரும்பு கொந்தளிக்கும், அடங்கும். கடைசியில் இரும்புக்குள் தங்குவது 0.04 சதவீதம் அளவுதான். அந்தத் துளி கரியின் பிறவிக் குணத்தையே மாற்றிவிடுகிறது.

சத்திநிபாதம் என்று வகுப்பில் முதல்முறை கேட்டபோது எனக்கு அந்த வெளிச்சம்தான் நினைவுக்கு வந்தது. அருள் வந்து பதிவதற்கு முன் மலபரிபாகம், அதாவது மலம் பக்குவப்படுவது, வேண்டும் என்று ஐயா சொன்னதும் உடம்பு சிலிர்த்தது. இரும்பில் கந்தகம் நிறைய இருந்தால் மக்னீசியம் முதலில் கந்தகத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு தீர்ந்துபோகும். மிச்சம் இருந்தால்தான் கரிக்கு. அதனால் கந்தகத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் நாங்கள் லேடிலுக்கு வருவோம். பக்குவம் இல்லாத உலோகத்தில் எத்தனை மக்னீசியம் கொட்டினாலும் வெளிச்சம் வரும், உருண்டை வராது.

ஆனால் உவமை பிடித்துவிட்டது என்பதற்காக அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடக் கூடாது. எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது ஒரு முறிந்த பிராக்கெட்.

2003-ல் நடந்தது. லாரி ஸ்பிரிங்கைத் தாங்குகிற பிராக்கெட், எஸ்ஜி 500/7. மக்னீசியம் கொடுத்தாயிற்று, ஊற்றிக்கொண்டு வருகிறார்கள், கடைசி எட்டு மோல்டு மூடாமல் கிடக்கிறது. கோர் வந்து சேரவில்லை. மெல்டர் லேடிலை நிறுத்திவைத்தார். மக்னீசியம் 1090 டிகிரியில் கொதித்து ஆவியாகிற பொருள். 1400 டிகிரி இரும்புக்குள் அது எத்தனை நேரம் காத்திருக்கும்? பத்து நிமிஷத்துக்குள் ஊற்றி முடிக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். அன்று இருபது நிமிஷம் ஆயிற்று. அப்புறம் ஊற்றினார்கள். கடைசி மோல்டில் ஒரு சாம்பிள் எடுத்துப் பார்த்திருக்க வேண்டியவன் நான். ஆரம்பத்தில் எடுத்த சாம்பிளில் உருண்டை 90 சதவீதம் இருந்தது. அதையே மொத்த ஹீட்டுக்கும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

எட்டு மாதம் கழித்து செங்கல் ஏற்றிய லாரி ஒன்று வளைவில் சாய்ந்தது. ஓட்டுநருக்குக் காறை எலும்பு முறிந்தது, மூன்று மாதம் வேலையில்லை. முறிந்த பிராக்கெட் எங்களிடம் திரும்பி வந்தது. அறுத்து, தேய்த்து, வைத்துப் பார்த்தேன். உருண்டை அங்கொன்றும் இங்கொன்றும். மற்றதெல்லாம் சவுக்குக் கீற்று.

வெளித்தோற்றத்தில் அதற்கும் நல்ல பிராக்கெட்டுக்கும் வித்தியாசமே கிடையாது. அதே அச்சு, அதே எடை, அதே பெயிண்ட். ஒரு சுத்தியல் தட்டு போதுமாக இருந்தது. எஸ்ஜியைத் தொங்கவிட்டுத் தட்டினால் கோயில் மணி மாதிரி ஓசை நிற்கும். கிரேவைத் தட்டினால் தொப்பென்று அடங்கும். இன்னொரு சோதனையும் உண்டு: எஸ்ஜியை உடைத்து உடைந்த முகத்தில் தண்ணீர் தெளித்து முகர்ந்தால் முன்பெல்லாம் திருவிழாக் கடையில் எரியுமே கார்பைடு விளக்கு, அந்த வாசனை அடிக்கும். மக்னீசியம் இருக்கிறது என்று மூக்கே சொல்லிவிடும். அன்று நான் தட்டவும் இல்லை, முகரவும் இல்லை. அந்த ஓட்டுநரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். என்னை யாரென்று சொல்லிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். "ஏனுங், இரும்பு ஒடையறதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார். அந்த வார்த்தையை இன்றுவரை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

போன மாத வகுப்பு முடிந்ததும் ஐயாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கரியைச் சொன்னேன், உருண்டையைச் சொன்னேன். குற்றம் போகாமலே உருமாறினால் அது விடுதலை ஆகாதா என்று கேட்டேன். அது சித்தாந்தத்துக்கு எதிரான கேள்வி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார்.

"நீங்க சொல்றது நம்ம கட்சிதானுங்களே. மலம் அநாதி. அழியாது. முத்தியிலும் அது இருக்குமுங்க, மறைக்கிற சத்திதான் மடங்கிப் போயிருக்கும். சூரியன் வந்தா நட்சத்திரம் எங்கீங்க போச்சு? அங்கதான் இருக்குது."

இத்தனை வருஷம் கேட்டும் இதை நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. உருண்டையாகிவிட்ட கரியை நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதற்குப் பெயர் வைத்துவிட்டுப் போன மரபு என் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அடுத்ததாக மக்னீசியம் மங்கிப்போவதைக் கேட்டேன். அருளும் மங்குமா?

"மங்கறது உங்க மக்னீசியமுங்க. அருள் எங்கயும் போறதில்லை. லேடிலை நிறுத்தி வெச்சது ஆரு?"

பதில் சொல்ல வரவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். குற்றத்தால் பயனே இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. எஸ்ஜி உயர்ந்தது, கிரே தாழ்ந்தது என்று ஒரு ஏணி கட்டி, உருண்டையை முத்தியாகவும் ஏட்டைப் பந்தமாகவும் வைத்துவிட்டால் தொழிலில் பெரிய தப்பு நடக்கும். நடந்திருக்கிறது. மில்லிங் மெஷின் செய்கிற ஒரு முதலாளி, தூணுக்கும் படுகைக்கும் எஸ்ஜி வேண்டும் என்று நின்றார். "காசு நான் குடுக்கறனுங்க, ஸ்ட்ராங்கா இருக்கட்டும்." எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. செய்து கொடுத்தோம். மெஷின் ஓடியது. வெட்டிய தளத்தில் விரலை ஓட்டினால் அலை அலையாகத் தட்டுப்பட்டது. எஸ்ஜி மணி மாதிரி ஒலிக்கிற இரும்பு. அதிர்வை வைத்துக்கொண்டே இருக்கும். கிரேயின் ஏடுகள் அதிர்வை உள்ளே வாங்கிச் சூடாக மாற்றி விழுங்கிவிடும். தொப்பென்று அடங்குகிறதே, அந்த மௌனம்தான் மெஷினுக்குத் தேவை. அடுத்த தூணை எஃப்ஜி 260 என்ற கிரே அயர்னில் வார்த்தோம். அலை போய்விட்டது.

பிரேக் டிரம்முக்கும் கிரேதான். ஏடுகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டு சூட்டை வேகமாகக் கடத்திவிடும். உருண்டைகள் தனித்தனியே நிற்பதால் அந்த ஓட்டம் வராது. கிரேவை இழுத்தால்தான் முறியும், அழுத்தினால் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு தாங்கும். உட்கார்ந்து சுமக்கிற வேலைக்கு அது போதும். சேறும் மணலும் கலந்த தண்ணீரை இறைக்கிற பம்புக்கு இம்பெல்லர் கேட்டால் அங்கே வெள்ளை இரும்புதான் நிற்கும், குரோமியம் சேர்த்து. அதில் கத்தி ஏறாது, கீழே விழுந்தால் தெறிக்கும், ஆனால் மணல் அதைத் தின்ன முடியாது. வெர்மிகுலரைப் பல காலம் சரியாக வராத எஸ்ஜி என்று ஒதுக்கினார்கள். மக்னீசியம் 0.001 சதவீதம் குறைந்தாலே ஏட்டுக்குச் சரிந்துவிடுகிற மெல்லிய விளிம்பில் நிற்பது அது. அந்த விளிம்பைப் பிடித்து நிறுத்தக் கற்றுக்கொண்ட பிறகு, இன்று டீசல் என்ஜின் பிளாக்குகளே அதில் வருகின்றன. பலமும் வேண்டும், சூடும் கடத்த வேண்டும் என்றால் அதற்கு வேறு போட்டியில்லை.

டிராயிங் வரும்போது மெட்டீரியல் கட்டம் காலியாக இருந்தால் நான் முதலில் கேட்பது எது பலமானது என்பதை அல்ல. இது எங்கே நிற்கப்போகிறது? இழுபடுமா, நசுங்குமா, அதிருமா, காயுமா, தேயுமா? உடைந்தால் பக்கத்தில் மனிதன் இருப்பானா? இந்தக் கடைசிக் கேள்வி 2003-க்குப் பிறகு வந்தது. ஒவ்வொரு இரும்பிலும் ஒரு குறை இருக்கிறது. எந்தக் குறை அந்த இடத்தில் குறையாக இருக்காது என்று பார்த்துப் பொருத்துவதுதான் தேர்வு.

இன்னொன்று. சுத்த இரும்பு உருக 1538 டிகிரி வேண்டும். கரி சேர்ந்தால் 1150 பக்கத்திலேயே இளகித் தண்ணீராக ஓடும். அதனால்தான் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் புகுந்து பம்பாகவும் தூணாகவும் உருவெடுக்கிறது. உருவம் கொடுப்பதே அந்தக் கரிதான். உயிருக்கு உடம்பு வந்ததே மலம் இருப்பதால் என்று சித்தாந்தமும் சொல்கிறது. மலத்தைக் கழிக்கத்தான் இறைவன் உடம்பைக் கொடுத்தான் என்கிறது. அப்படியானால் அந்த மலத்தை முழுக்கவும் இருட்டு என்று எப்படிச் சொல்வது?

ஐயா இதற்கு இசையவில்லை. ஆணவத்துக்கு நல்ல குணம் ஒன்றுமே கிடையாது, கண்ணைக் கட்டுவது மட்டுமே அதன் வேலை, அந்த இருட்டில் விளக்குப் பிடிப்பது மாயை, விளக்கின் புண்ணியத்தை இருட்டின் கணக்கில் எழுதாதீர்கள் என்றார். நூல்படி அவர் சொல்வதுதான் சரி. எனக்கு அந்த மில்லிங் மெஷினின் மௌனம் காதில் இருக்கிறது. இருவரும் அவரவர் இடத்தில் நின்றோம்.

போன சனிக்கிழமை ராத்திரி ஹீட்டில் ஒரு வெட்ஜ் ஊற்றச் சொன்னேன். ஆப்பு வடிவத்தில் கையகலத் துண்டு, கிரே அயர்ன் ஊற்றுவதற்கு முன் எப்போதும் செய்கிற சோதனைதான். ஆறியதும் சம்மட்டியால் இரண்டாக உடைத்து, ஒரு பாதியைத் துணியில் சுற்றி மறுநாள் வகுப்புக்குக் கொண்டுபோனேன். ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். நுனி வெள்ளி மாதிரி மின்னியது. அடிப்பக்கம் சாம்பல். நடுவில் இரண்டும் புள்ளி புள்ளியாகக் கலந்திருந்தது.

"ரெண்டு இரும்பை ஒட்டியிருக்கீங்களா?"

"இல்லீங்க ஐயா. ஒரே லேடில், ஒரே அச்சு, ஒரே ஊத்து. நுனி மெல்லிசு, சட்டுனு குளிர்ந்து வெள்ளையாயிருச்சு. அடி தடிமன், மெதுவா ஆறுச்சு, கரி பிரிஞ்சு ஏடாச்சு."

கட்டைவிரலை நுனியில் வைத்துத் தடவினார். அப்புறம் அடிப்பக்கத்தில் அழுத்தித் தடவினார். விரலைத் திருப்பிப் பார்த்தார், பென்சில் சீவிய கை மாதிரி கறுத்திருந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பாயில் உட்கார ஆரம்பித்தார்கள். துண்டை மடியிலேயே வைத்துக்கொண்டு, இரண்டாம் சூத்திரத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, அந்த விரலாலேயே பக்கத்தைப் புரட்டினார். ஓரத்தில் அவருடைய ரேகை கறுப்பாகப் பதிந்தது.